சித்தூர்க்காரர்களுக்கு ஒரு எம்.பி.ஏ. வழிகாட்டி: ஏப்ரல் ஃபைலிலிருந்து முதல் டெர்ம் வரை

தமிழ் பேசுகிறவர்கள் நிறைந்த சித்தூர் இரண்டு உண்டு. ஒன்று பாலக்காட்டுச் சித்தூர், எங்கள் தாலுக்கா. இன்னொன்று ஆந்திரச் சித்தூர். இரண்டிலும் வீட்டில் தமிழ், ஆபீசில் வேறு மொழி, கல்லூரிக்கோ எல்லை தாண்டிப் போகிற வழக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து போய் எம்.பி.ஏ. முடித்து வந்தவன் என்பதால் வருடத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுந்தது கணக்கிலோ ஆங்கிலத்திலோ இல்லை, காகிதத்தில். அதனால் இந்த வழிகாட்டி பாடப் புத்தகத்தில் தொடங்காது.

1. ஏப்ரல்: எல்லாச் சான்றிதழையும் ஒரே மேஜையில் பரப்புங்கள்

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பிளஸ் டூ மார்க் லிஸ்ட், டிகிரியின் எல்லா செமஸ்டர் மார்க் லிஸ்ட், ஆதார், பான் கார்டு. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஓட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது.

என் சித்தி மகளுக்கு நடந்தது இது. எஸ்.எஸ்.எல்.சி.யில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். கோயம்புத்தூர்க் கல்லூரி கொடுத்த மார்க் லிஸ்ட்டில் இனிஷியல் முன்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. போதாததற்கு அப்பா முருகேசனை ஆங்கிலத்தில் எழுதும்போது ஜி வர வேண்டிய இடத்தில் கே போட்டிருந்தார்கள், ஏனென்றால் மலையாளத்தில் அந்த இடத்தில் 'க'தான் எழுதுவார்கள், அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் முருகேசன் கே-யோடு நிற்பார், தங்கவேலும் அப்படித்தான். வில்லேஜ் ஆபீசில் இரண்டு காகிதத்தையும் பார்த்துவிட்டு, "மோளே, இது ரெண்டும் ரெண்டாளாணல்லோ" என்று சிரித்தாராம் அங்கிருந்தவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆந்திரப் பக்கம் இதே தொல்லை வேறு வேஷத்தில் வரும். அங்கே இன்டிபேரு, அதாவது குடும்பப் பெயர், கேட்பார்கள். நம் வீடுகளில் இன்டிபேரு கிடையாது, அதனால் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிடுவார்கள். ஒரு காகிதத்தில் அது முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால்.

என்ன செய்வது? எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் தொடாதீர்கள். பிளஸ் டூவும் டிகிரியும் அதைப் பார்த்துத்தான் வந்திருக்கும், அதை மாற்றப் போனால் மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஆதாரை எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பொருந்தத் திருத்துங்கள், இருப்பதில் சுலபமானது அதுதான். அப்பா பெயரில் வேறுபாடு இருந்தால் கேரளாவில் அரசுச் சேவைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க உதவும் அக்ஷயா மையம் வழியாக வில்லேஜ் ஆபீசில் 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட் வாங்கலாம். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதித் தருவார்கள்.

இதை ஏப்ரலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம், நவம்பரில், ஐ.ஐ.எம். எனும் மத்திய அரசு மேலாண்மைக் கல்லூரிகளுக்கான கேட் (CAT) பரீட்சை ஹாலில் அட்மிட் கார்டையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துத்தான் உள்ளே விடுவார்கள். அங்கே நின்று முருகேசன் கதை சொல்ல நேரம் இருக்காது.

2. ஜாதிச் சான்றிதழ்: எந்த மாநிலம், எந்தப் படிவம்

எல்லைக்காரர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது. ஐ.ஐ.எம்.களில் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம், எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5, பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கு 10 சதவீதம் இடம் உண்டு. ஆனால் ஓ.பி.சி. என்றால் மத்திய அரசின் பட்டியல். அந்தப் பட்டியல் மாநிலவாரியாக இருக்கிறது. மாமா பையனுக்குப் பொள்ளாச்சியில் ஓ.பி.சி. கிடைத்தது என்பதால் உங்களுக்குக் கொழிஞ்சாம்பாறையில் கிடைத்துவிடாது. அதே சமூகம் கேரளப் பட்டியலில் வேறு பெயரில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிற்படுத்தப்பட்டோர் தேசிய ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, சான்றிதழில் இருக்கும் அதே பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

அப்புறம் நான்-க்ரீமி லேயர், அதாவது ஓ.பி.சி.யில் வசதி படைத்த அடுக்கைச் சேர்ந்தவர் இல்லை என்ற சான்றிதழ். இதில் இரண்டு வகை உண்டு, மாநில அரசு உபயோகத்துக்கு ஒன்று, மத்திய அரசு உபயோகத்துக்கு ஒன்று. அக்ஷயாவில் "நான்-க்ரீமி லேயர் வேணும்" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் மாநிலத்துக்கான விண்ணப்பத்தைத்தான் போடுவார்கள், ஏனென்றால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேண்டியது அதுதான். "சென்ட்ரலுக்கு" என்று சொல்லி, திரையில் அந்தப் பெயரைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஆந்திரச் சித்தூரில் இருப்பவர்கள் கிராமச் சச்சிவாலயத்திலோ மீசேவா மையத்திலோ இதே கேள்வியைக் கேளுங்கள்.

தேதியும் முக்கியம். அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய நான்-க்ரீமி லேயரைத்தான் கேட்பார்கள். மார்ச்சில் முந்திக்கொண்டு வாங்கி வைத்தால் வீண்.

வருமான வரம்பு 8 லட்சம். இதைக் கேட்டதுமே தோப்பு வைத்திருக்கிறவர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள், ஓ.பி.சி. கணக்கில் விவசாய வருமானமும் சம்பளமும் அந்த 8 லட்சத்தில் சேராது. பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான சான்றிதழுக்கு இது பொருந்தாது. அங்கே எல்லா வருமானமும் சேரும், 5 ஏக்கர் விவசாய நிலம் இருந்தாலே தகுதி போய்விடும்.

3. மே: வணிகப் பள்ளியைப் பார்த்துப் பரீட்சை, பரீட்சையைப் பார்த்துப் பள்ளி இல்லை

கோச்சிங் சென்டரில் என்ன பரீட்சைக்குச் சொல்லித் தருகிறார்களோ அதை எழுதிவிட்டு, மார்க் வந்த பிறகு "இதுக்கு எங்கே கிடைக்கும்" என்று கேட்டு வருகிறார்கள். தலைகீழ் வேலை. முதலில் ஏழெட்டு இடங்களை எழுதுங்கள். எந்தப் பரீட்சை என்பது அதிலிருந்து தானாக வரும்.

பாலக்காட்டுப் பக்கத்துக்கு: குன்னமங்கலத்தில் இருக்கும் ஐ.ஐ.எம். கோழிக்கோடு, திருச்சி ஐ.ஐ.எம்., இரண்டுக்கும் கேட். களமசேரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை. வாளையாரைத் தாண்டியதும் எட்டிமடையில் அம்ருதா, கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. கேரளப் பல்கலைக்கழகங்களின் எம்.பி.ஏ.வுக்கு கேட், சி-மேட், கே-மேட் மூன்றில் ஒன்று வேண்டும். இதில் கே-மேட் மாநில நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்துவது: 180 கேள்வி, சரியானதற்கு 4, தப்புக்கு ஒரு மார்க் குறையும்.

ஆந்திரப் பக்கத்துக்கு: தடாவை ஒட்டி ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகத்தின் ஐ.எஃப்.எம்.ஆர். வணிகப் பள்ளி, திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், கொஞ்சம் தள்ளி விசாகப்பட்டினம் ஐ.ஐ.எம். மாநிலக் கல்லூரிகளுக்கு ஏ.பி. ஐசெட். 200 கேள்வி, இரண்டரை மணி நேரம், தப்புக்கு மார்க் குறையாது, அதனால் ஒரு கேள்வியையும் காலியாக விட்டு வராதீர்கள். கே-மேட் எழுதிய கையோடு இதை எழுதினால் பழக்கதோஷத்தில் விட்டுவிடுவீர்கள்.

தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், தமிழ் பேசுவது வேறு, தமிழ்நாட்டு நேட்டிவிட்டி வேறு. நம் ஜாதிச் சான்றிதழ் கேரளாவிலோ ஆந்திராவிலோ வாங்கியது என்றால் அங்கே இட ஒதுக்கீடு கிடைக்காது. பாட்டி ஊர் உடுமலைப்பேட்டை என்று வாதாடிப் பயனில்லை.

பள்ளியை எப்படி எடை போடுவது? விளம்பரத்தில் வரும் சராசரிச் சம்பளத்தை நம்ப வேண்டாம், இரண்டு பேர் கோடியில் வாங்கினால் மொத்த வகுப்பின் சராசரியும் ஏறிவிடும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காக ஒவ்வொரு கல்லூரியும் கொடுக்கும் தகவல் தாளில் மீடியன் சம்பளம் (வரிசையில் நடுவில் இருப்பவர் வாங்குவது), எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதெல்லாம் இருக்கும். தாள் அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்திலேயே கிடைக்கும். நாலு பேரிடம் விசாரிப்பதைவிட அந்த ஒரு தாளை முழுசாகப் படிப்பது மேல்.

4. எந்த ப்ரோகிராம்?

டிகிரி முடித்த கையோடு அல்லது இரண்டு மூன்று வருட வேலைக்குப் பிறகு போகிறவர்களுக்கு இரண்டு வருட எம்.பி.ஏ. சில இடங்களில் பி.ஜி.டி.எம். என்று இருக்கும், அது பல்கலைக்கழகமாக இல்லாத நிறுவனங்கள் தரும் டிப்ளமோ, மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஐ.ஐ.எம்.களும் முன்பு டிப்ளமோதான் கொடுத்தன, 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் பட்டம்.

ஒரு வருட எக்ஸிக்யூட்டிவ் படிப்புகள் அனுபவஸ்தர்களுக்கு. வேலையை விட முடியாதவர்களுக்காகக் கோழிக்கோடு ஐ.ஐ.எம். கொச்சி இன்ஃபோபார்க்கில் ஒரு வளாகம் வைத்திருக்கிறது.

யாருமே என்னிடம் கேட்காதது பிஎச்.டி. எம்.காம்., எம்.ஏ. எகனாமிக்ஸ், எம்.எஸ்சி. முடித்து மார்க்கும் நன்றாக வைத்திருக்கிறவர்கள் எம்.பி.ஏ. இல்லாமலே ஐ.ஐ.எம். பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். டியூஷன் கட்டணம் இல்லை, மாதா மாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். நான்கைந்து வருடம் ஒரே கேள்வியோடு உட்கார முடியுமா என்பதுதான் யோசிக்க வேண்டியது.

எம்.பி.ஏ. படிக்கப் போகிறவர்களும் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் எதை ஆராய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. இரண்டாம் வருடம் என்ன எலெக்டிவ் (விருப்பப் பாடம்) கிடைக்கும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான். ஐ.எஃப்.எம்.ஆரோடு இணைந்து வறுமை ஒழிப்புத் திட்டங்களைக் களத்தில் பரிசோதிக்கும் ஜே-பால் தெற்காசிய மையம் இயங்குகிறது. இந்த மாதிரி கள ஆய்வில் தமிழும் தெலுங்கும், அல்லது தமிழும் மலையாளமும் கலந்து பேசத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. நாம் அதை ஒரு தகுதியாகவே எழுதுவதில்லை.

5. ஆகஸ்ட்: கேட் விண்ணப்பம்

பதிவு வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து செப்டம்பர் நடுவில் மூடும். 2025இல் கட்டணம் 2,600 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300. ஓ.பி.சி.க்கு முழுக் கட்டணம்தான். டிகிரியில் 50 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45. கடைசி வருடம் படிக்கிறவர்களும் எழுதலாம்.

பிரிவைத் தப்பாகக் கொடுத்துப் பணம் கட்டிவிட்டால் அப்புறம் மாற்ற விடமாட்டார்கள். "இப்போதைக்கு ஜெனரல் போடுவோம், சர்டிபிகேட் வந்ததும் மாத்திக்கலாம்" என்று ஒரு பையன் போட்டான். சர்டிபிகேட் பத்து நாளில் வந்தது. பிரயோஜனம் இல்லை.

பரீட்சை ஊருக்கு முதல் விருப்பம் எங்கள் பக்கத்தவர்கள் கோயம்புத்தூர் போடுங்கள். நாம் கேரளா என்பதால் கேரள ஊரையே போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

6. பரீட்சை: படிக்கும் வரிசை

கேட் இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஆங்கிலம், தரவும் லாஜிக்கும், கணக்கு. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. சரிக்கு 3, தப்புக்கு ஒன்று குறையும். விடையை நாமே டைப் செய்யும் கேள்விகளில் மட்டும் குறையாது.

தமிழ் மீடியம், மலையாள மீடியம் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். முதலில் தொடங்க வேண்டியது அதைத்தான், ஏனென்றால் கணக்கு மூன்று மாதத்தில் ஏறும், வாசிப்பு வேகம் ஏறாது. வொக்காபுலரி பட்டியல் மனப்பாடம் வேண்டாம். தினமும் இரண்டு நீளமான கட்டுரை, நமக்குச் சம்பந்தமே இல்லாத விஷயத்தில், படித்து முடித்ததும் என்ன சொன்னார் என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். தமிழில் எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம். இதை ஐந்து மாதம் செய்தவர்கள் தப்பித்தார்கள்.

மாக் டெஸ்ட்டில் (மாதிரித் தேர்வில்) பாதி மார்க் வந்ததும் அழுகிறவர்கள் உண்டு. பள்ளிப் பரீட்சை மனசு அது. பெர்சன்டைல் என்பது நூற்றுக்கு எத்தனை பேரை முந்தினீர்கள் என்ற கணக்கு. மொத்த மார்க்கில் பாதி எடுத்தாலே 99ஐ நெருங்கிவிடலாம், அதனால் எதை விடுவது என்று பழகுவதுதான் மாக் டெஸ்ட்டின் வேலை. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி கட்-ஆஃப் இருப்பதையும் மறக்க வேண்டாம், கணக்கில் பிரமாதமாக எடுத்து ஆங்கிலத்தில் கவிழ்ந்தால் கூப்பிட மாட்டார்கள்.

7. நேர்முகம்: உங்கள் ஊரைப் படியுங்கள்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மார்க், வேலை அனுபவம் எல்லாம் கேட் மார்க்கோடு சேர்ந்து ஷார்ட்லிஸ்ட் வரும். பள்ளிக்குப் பள்ளி கணக்கு வேறு, அவர்களே வெளியிடுவார்கள். பிறகு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நேர்முகங்கள்.

எல்லோரும் "ஏன் எம்.பி.ஏ." என்ற கேள்விக்கு ஒரு பத்தி மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். சித்தி மகளிடம் அதைக் கேட்கவே இல்லை. சித்தூர் தாலுக்கா, தென்னந்தோப்பு என்று விண்ணப்பத்தில் பார்த்தவர், "மரத்தைக் கள்ளுக்கு விட்டால் லாபமா, தேங்காய்க்கு விட்டால் லாபமா?" என்று கேட்டிருக்கிறார். கேரளா முழுக்கப் போகும் கள்ளில் பெரும்பங்கு எங்கள் தாலுக்காவிலிருந்துதான் போகிறது, இவள் அந்தத் தோப்புக்குள்தான் வளர்ந்தாள், ஆனால் அப்பாவிடம் ஒரு நாள்கூட அதைக் கேட்டதில்லை. முழித்தாளாம்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது சித்தப்பா ஒரு மணி நேரம் பேசினார். கள்ளுக்கு விட்டால் மரத்துக்கு இவ்வளவு என்று வாடகை பேசி வாங்கிவிடலாம், காய் விலை விழுந்தாலும் நமக்குக் கவலையில்லை. தேங்காய் என்றால் ஏற்ற இறக்கம் முழுக்க நம் தலையில், மரம் ஏற ஆள் கிடைப்பதும் நம் பாடு. ரிஸ்க்கை யார் சுமக்கிறார்கள் என்று வகுப்பில் கேஸ் (நிஜத் தொழில் நிகழ்வு) வைத்துச் சொல்லித் தருவது இதுதான். அடுத்த நேர்முகத்துக்கு அவள் அந்தக் கணக்கோடு போனாள், முதலமடை மாம்பழம் ஏன் மற்ற ஊர்களுக்கு முந்திச் சந்தைக்கு வருகிறது, அந்த முந்துதலுக்கு என்ன விலை என்பதையும் விசாரித்துக்கொண்டு.

ஆந்திரப் பக்கத்தவர்கள் ஸ்ரீசிட்டி ஆலைகளையும் சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளையும் இப்படி விசாரியுங்கள். ஒரு மேனேஜர், ஒரு லாரிக்காரர், ஒரு விவசாயி, மூன்று பேரிடம் பேசினால் போதும்.

8. கடன்: பிப்ரவரியிலேயே பேச்சைத் தொடங்குங்கள்

பெரிய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் ஆகும், அரசுப் பல்கலைக்கழகத் துறைகளில் அதில் சிறு பங்குதான். ஆஃபர் வந்ததும் சில நாட்களுக்குள் முன்பணம் கேட்பார்கள், அது கடனில் வராது, கையிலிருந்து போக வேண்டும். தனியாக எடுத்து வையுங்கள்.

2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான கல்லூரிகளுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் 3 சதவீதம் சலுகை. வருமானச் சான்றிதழ் மறுபடியும் வில்லேஜ் ஆபீஸ்தான். வேலைக்குப் போன பிறகு, பழைய வரி முறையில் இருப்பவர்கள் கட்டிய வட்டியை வரிக் கணக்கில் எட்டு வருடம் வரை கழித்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்துச் சிக்கல் வேறு மாதிரி. வீடு கேரளாவில், அப்பாவின் கணக்கு பொள்ளாச்சியில். ஒரு பையனைப் பொள்ளாச்சிக் கிளை "உங்க ஊர்க் கிளைக்குப் போங்க" என்றது, ஊர்க் கிளை "கணக்கு இருக்கிற இடத்துல கேளுங்க" என்றது. மூன்று வாரம் இப்படி வேலந்தாவளத்துக்கும் பொள்ளாச்சிக்கும் பஸ்ஸில் அலைந்தான். வாய்ப்பேச்சில் நிறுத்தாமல் வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள், எண் ஒன்று வந்துவிட்டால் அப்புறம் காரணம் எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டு முகவரிக்குப் பக்கத்துக் கிளையில் டிசம்பரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கும் தொடங்கி வையுங்கள்.

9. முதல் டெர்ம்

செமஸ்டர் என்று நினைத்துப் போகாதீர்கள். ஐ.ஐ.எம். போன்ற பி-ஸ்கூல்களில் வருடத்துக்கு மூன்று டெர்ம், ஒவ்வொன்றும் மூன்று மாதம்கூட முழுசாக இல்லை. சேர்ந்த இரண்டாவது வாரமே க்விஸ் வரும். அக்கவுண்டிங், ஸ்டாடிஸ்டிக்ஸ், எகனாமிக்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் தலையில் விழும். பி.ஏ., பி.எஸ்சி. ஆட்கள் ஜூனுக்கு முன்னால் பிளஸ் டூ அக்கவுண்டன்சி புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிட்டுப் போனால் பாதி பயம் போகும்.

வகுப்பில் பேசுவதற்கு மார்க் உண்டு, சி.பி. என்பார்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலம் தடுமாறுமோ என்று முதல் மாதம் முழுக்க வாயைத் திறப்பதில்லை, பிறகு திறக்கவே முடிவதில்லை. முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியாவது கேளுங்கள். கேஸை இரவு தனியாகப் படித்தபின் குழுவோடு பேசுங்கள், குழுவில் போய்ப் படிக்கலாம் என்று போனால் டீ குடித்துவிட்டுத்தான் வருவீர்கள்.

இன்னொன்று, முதல் வருடக் கோடைக்கான இன்டர்ன்ஷிப் நேர்முகம் சேர்ந்து நான்கைந்து மாதத்திலேயே வந்துவிடும். அதற்கு முன் சி.வி.யில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ப்ரூஃப் கேட்டுச் சரிபார்ப்பார்கள். பள்ளியில் ஜில்லா அளவில் வாலிபால் ஆடினேன் என்றால் சர்டிபிகேட் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரி போய்விடும்.

ஆகஸ்டில் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு ஹாஸ்டலிலிருந்து சித்தி மகள் ஃபோன். "அண்ணா, அம்மா ஃபோன் எடுக்கல, வாலிபால் சர்டிபிகேட் அந்த ஃபைல்ல இருக்கு, காலைல எட்டு மணிக்குள்ள வேணும்." சித்தி வீட்டுக்குப் பைக்கில் போய்க் கதவைத் தட்டி, பீரோவைத் திறந்து, ட்யூப் லைட் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பினேன். ஃபைலைக் கையோடு கொண்டு போங்கள். போகும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மெயிலில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு நகல் செட்.